வரை ஆடு, வரையாடு

திக்லிபூர் வட்டம் வடக்கு அந்தமானின் கரையோடு முடிந்துவிடுவதில்லை. கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஆழ்கடல் நடுவில் 710 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் நார்கொண்டம் தீவும் அந்த வட்டத்தைச் சேர்ந்ததே. தணிந்துபோன எரிமலை அது. அடிமுதல் முடிவரை காடு. உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத ஓர் இருவாய்ச்சி இனத்துக்கு அந்தக் காடு ஒன்றே வீடு. 1976இல் அங்கே காவல் பணியில் இருந்தவர்கள் சில வெள்ளாடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அடைக்கப் பட்டி இல்லை, மடக்க மேய்ப்பன் இல்லை, அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லை. ஆடுகள் பெருகின, காட்டுக்குள் புகுந்தன, சரிவேறின. தெற்கே, இன்றும் அவ்வப்போது புகைந்து குமுறும் பாரன் தீவிலும் கப்பல்வழி வந்து சேர்ந்து, ஆளில்லாத எரிமலைச் சரிவில் தலைமுறை தலைமுறையாகத் தாமே பிழைத்த வெள்ளாடுகள் உண்டு.

ஆள்வாடை படாமல் மலைச்சரிவில் மேயும் இந்த ஆடுகளைத் தமிழில் எப்படி அழைப்பது? காட்டாடு என்றால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மலையாடு என்றாலும் ஏற்றுக்கொள்ளலாம். வரையாடு எனலாமா என்று கேட்டால் மட்டும் நாக்கு சற்றே தயங்குகிறது. மலையும் வரையும் ஒருபொருட் கிளவி என்று நிகண்டில் படித்தவருக்கும் அந்தத் தயக்கம் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பெயரையே பிரித்துப் பார்த்துக் கேட்டுவிடுவோம்.

முதலில் வரை. மலைக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. உயர்ச்சியைப் பார்த்தவன் ஓங்கல் என்றான். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் பார்த்தவன் அடுக்கம் என்றான். அருவியும் எதிரொலியும் முழங்கக் கேட்டவன் சிலம்பு என்றான். வரை என்றவனுடைய கண் மலையின் விலாவில் பதிந்திருக்கிறது. மலைக்குப் பொதுப்பெயராக வழங்கினாலும், பக்கமலை என்ற தனிப்பொருளையும் அகராதிகள் இந்தச் சொல்லுக்குத் தருகின்றன. உச்சியை விட்டுவிட்டு, அடிவாரத்தையும் விட்டுவிட்டு, இரண்டுக்கும் இடையே இறங்கும் செங்குத்தை மட்டும் சுட்டவல்ல சொல் அது. அதே சொல் கோட்டையும் குறிக்கும், கரையையும் குறிக்கும், எல்லையையும் குறிக்கும், மூங்கிலையும் குறிக்கும். வரைந்த கோடே வானத்தின் மேல் மலைவிளிம்பாகத் தெரிந்தது என்று கவிதையாகத் தாவிவிட ஆசை எழும். ஒலி ஒன்றானால் வேரும் ஒன்றாகிவிடாது என்று சொல்லாராய்ச்சி நம் கையைப் பிடித்து நிறுத்தும்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கோடு என்ற சொல்லை எடுத்து வரைக்குப் பக்கத்தில் வையுங்கள். கோடு என்றால் கீறல், கோடு என்றால் மலைமுடி, கோடு என்றால் கரை. வரை எந்தெந்தப் பொருளில் விரிகிறதோ, ஏறத்தாழ அந்தந்தப் பொருளிலெல்லாம் கோடும் விரிகிறது. தொடர்பில்லாத இரண்டு சொற்கள் ஒரே வரிசையில் பொருள் விரித்து நிற்கின்றன என்றால், தமிழ்பேசியவர்களின் கண்ணில் கீறலும் கரையும் மலையும் அடுத்தடுத்தே இருந்திருக்கின்றன என்று கொள்வதில் பிழையில்லை. கோட்டுக்குக் கூடுதலாக இன்னொரு பொருள் உண்டு, கொம்பு. வரையின் மேல் நிற்கும் ஆட்டின் தலையில் அந்தக் கோடும் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வினையாக நிற்கும் வரை இன்னும் அழகு. வரைதல் எழுதுதல், வரைதல் அளவு செய்தல், வரைதல் இவளே எனக்கு என்று தனியே கொள்ளுதல். அகப்பாட்டுத் தோழி தலைவனை விடாமல் நெருக்கிக் கேட்பது இந்த மூன்றாவது வரைவைத்தான். வரையறை, வரம்பு கட்டிய பேச்சில் இன்றும் நாம் புழங்குவது. வரையாது கொடுத்தல் என்றால் அளவின்றிக் கொடுத்தல். ஆக, இதுவரை என்று ஓரிடத்தில் நிறுத்துகிற பொருளொன்று இந்த ஒலிக்குள் விடாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த எல்லைப்பொருள் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

அடுத்தது ஆடு. இதன் பழைய வடிவம் யாடு. யானை ஆனையானது போல, யாறு ஆறானது போல, முதலில் நின்ற ய் உதிர்ந்து யாடு ஆடாயிற்று. தொல்காப்பிய மரபியல் ஆட்டினத்தைப் பேசும்போதெல்லாம் யாடு என்றே பேசுகிறது. ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயர் சொல்லி, இளமைக்கு மறி என்றும் குறிக்கிறது. துள்ளி ஆடுவதால் ஆடு என்று பெயர் வந்தது எனச் சிலர் மகிழ்ந்து சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. ஆடுதல் என்ற வினைக்கு யாடுதல் என்றொரு பழைய வடிவம் இல்லை. விலங்கின் பெயருக்கோ யகரம் தலையிலேயே இருந்தது. இரண்டும் இருவேறு குடியில் பிறந்து, யகரம் உதிர்ந்த பிறகு ஒரே முகத்தோடு நிற்பவை.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வரை, ஆடு, இடையே உடம்படுமெய்யாக யகரம் வந்து வரையாடு. வரை, யாடு, அப்போதும் வரையாடு. முதல் புணர்ச்சியில் அந்த ய் வழியில் வந்து சேர்ந்த துணை. இரண்டாவதில் அது வீட்டுக்கே உரிய மூத்தது. காதுக்கு வேறுபாடே தெரியாது. தனிச்சொல்லில் உதிர்ந்துபோன அந்தப் பழைய யகரம், இந்தத் தொகைச்சொல்லுக்குள் மட்டும் உதிராமலே பதுங்கியிருக்கிறதோ என்று ஐயுற இடம் வைக்கும் சொல் தமிழில் அடிக்கடி கிடைப்பதில்லை.

மூன்றாவதாகவும் ஒரு பிரிப்பு உண்டு. அங்கே ஆடு என்பது விலங்கே இல்லை, வினை. வரைக்கண் ஆடுகிற, வரையில் திரிகிற என்று பொருள்படும் வரை ஆடு. பழைய நூல்களில் இந்த வினைவழக்கே நம் கண்ணில் பளிச்சென்று படுகிறது. குறுந்தொகையின் 26ஆம் பாட்டில், கொல்லன் அழிசி பாடியதில், வரை ஆடு என்ற சொற்கள் சேர்ந்தே வருகின்றன. ஆனால் அங்கே வரையில் ஆடுவது குரங்கின் குட்டி. ஆட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முற்றத்தில் மூட்டைகள் குவிந்து கிடக்க, அவற்றின்மேல் நாயும் ஆட்டுக்கிடாயும் தாவித் திரிகின்றன. உருத்திரங்கண்ணனார் அந்தக் காட்சிக்கு மலைப்பக்கத்தில் தாவும் வருடையை உவமை சொல்கிறார். அந்த வருடைக்கு அவர் தரும் அடை, வரை ஆடு. சிலப்பதிகாரக் காட்சிக் காதையில் சேரன் செங்குட்டுவனைக் காண வந்த மலைவாணர் சுமந்துவந்த கையுறைப் பொருள்களின் பட்டியலிலும் வருடை இருக்கிறது, அதே அடையோடு.

ஆக, பழம்பெயர் வருடை. வரை ஆடு என்பது அதன் தொழில் சொல்லும் அடைமொழி. பிறகு சீவக சிந்தாமணிக்கு வாருங்கள். ஓங்கிய வரையில் விலங்கு உழக்க, தேனிறால் உடைந்து தேன் ஒழுகுகிறது. அங்கே வருடை என்ற சொல் இல்லை, உழக்குவது வரையாடு. முன்பு வருடைக்கு முன்னால் நடந்த அடை, வருடையை வழியனுப்பிவிட்டு அதன் இருக்கையில் தானே உட்கார்ந்துகொண்டது போல எனக்குத் தோன்றுகிறது. அப்படி உட்கார்வதற்கு வசதியும் இருந்தது. வினையான ஆடு, விலங்கான ஆட்டோடு ஒலியில் ஒன்றிவிட்ட பிறகு, வரை ஆடு வருடை என்று கேட்டவனுக்கு முதல் இரண்டு சொல்லிலேயே விலங்கு வந்துவிட்டது, மூன்றாவது எதற்கு? வினைத்தொகையின் முற்பகுதி பெயர்த்தொகையாகக் குடியேறிய கதை இது. இருவேறு குடியில் பிறந்த இரண்டு ஆடுகளும் சந்தித்துக் கைகோத்த இடம் வரையாடு என்ற சொல்.

இருக்கையை இழந்த வருடை என்னவாயிற்று? அதன் போக்கும் சுவையானது. ஐங்குறுநூற்றுக் கபிலர் அதைக் குறுங்கால் விலங்காகப் பாடினார். உயர்ந்த வரைமேல் நிற்கும் குட்டைக்காலி. பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல் அது. பரிபாடலின் 11ஆம் பாட்டில் வையைப் புதுப்புனல் வந்த நாளின் கோள்நிலையைக் கணித்துச் சொல்லும் நல்லந்துவனார், மேட இராசியை வருடை என்கிறார். மலைவிலாவில் நின்றது வானத்தில் ஏறிவிட்டது. அதோடு நிற்கவில்லை. பிற்கால அகராதிகளில் வருடைக்கு எட்டுக்கால் முளைத்துவிட்டது. எண்கால் வருடை என்ற கற்பனை விலங்காக, சரபத்தோடு ஒன்றாக வைத்து எண்ணப்பட்டது. குட்டைக்கால் நான்கும் எட்டுக்காலான இந்தக் கணக்கில் ஒரு வரலாறு இருக்கிறது. சமவெளியில் ஏடு விரித்தவர்களுக்கும் மலைமேல் நின்ற விலங்குக்கும் இடையே தொலைவு கூடக்கூட, கண்ணால் கண்டது செவிவழிச் செய்தியாகி, செய்தி புராணமானது. வருடை ஏட்டுக்குப் போய்விட்டது. வரையாடு மலைக்காரர் வாயிலேயே தங்கியது, அதனால் பிழைத்தது. மலையாளத்தாருக்கும் இன்றுவரை அது அதே பெயரில் வரையாடுதான்.

இனிப் பிறர் இட்ட பெயர்களைப் பார்க்கலாம். துப்பாக்கியோடு மலையேறிய வெள்ளையர் இதைக் கண்டதும் தங்கள் ஆல்ப்ஸ் மலை ஆட்டை நினைத்து ஐபெக்ஸ் என்றார்கள். இமயத்து ஆட்டின் நேபாளிப் பெயர் பின்னர் தார் என்ற ஆங்கில வடிவில் வந்து ஒட்டிக்கொண்டது. 1838இல் ஆகில்பி என்ற விலங்கியலார் இதற்கு அறிவியற் பெயர் வைத்தபோது ஹைலோகிரியஸ் என்ற சிறப்புப்பெயரைத் தந்தார். கிரேக்க வேரில் அதன் பொருள் காட்டுச் செம்மறிக்கிடா. காடு என்றது பொருந்தவில்லை. விலங்கு வாழ்வது புல்வெளியும் பாறையும் சேர்ந்த உயர்நிலத்தில். செம்மறி என்றதோ, அவர் அறிந்தோ அறியாமலோ, பின்னாளில் பலித்தது. 2005இல் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு, இது இமயத்துத் தாருக்கு நெருங்கிய உறவில்லை என்றும், செம்மறியினத்துக்கே அணுக்கம் என்றும் காட்டியது. உடனே தனிப் பேரினம் ஒன்று வகுத்து நீலகிரிட்ராகஸ் என்று பெயரிட்டார்கள். ட்ராகஸ் என்பது கிரேக்கத்தில் வெள்ளாட்டுக்கிடா! செம்மறியின் உறவு என்று கண்டுபிடித்த கையோடு வெள்ளாட்டின் பெயரைச் சூட்டியதால், முழு அறிவியற் பெயரில் நீலகிரி வெள்ளாட்டுக்கிடாவும் காட்டுச் செம்மறிக்கிடாவும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. வட அமெரிக்காவிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. ராக்கி மலைப் பாறைகளில் பெருங்கொம்புச் செம்மறியின் அண்டையில் வாழும் வெண்ணிற மலையாட்டுக்கு அறிவியல் வைத்த பேரினப் பெயர் ஓரியம்னஸ். பிரித்தால் மலைச் செம்மறிக்குட்டி. அதுவோ செம்மறியும் இல்லை, உண்மையான வெள்ளாடும் இல்லை.

தமிழ் இந்த வாசலில் இடறவே இல்லை. துருவை என்றும் வெள்ளை என்றும் இரண்டினத்தையும் வேறு பிரித்து அறிந்திருந்த மொழி, இரண்டையும் தழுவ ஆடு என்ற பொதுச்சொல்லையும் வைத்திருந்தது. செம்மறியாடும் ஆடு, வெள்ளாடும் ஆடு, வரையாடும் ஆடு. மரபணு எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் திருத்த வேண்டாத பெயர் அது. இதைத் தமிழரின் தொலைநோக்கு என்று மார்தட்ட வேண்டியதில்லை; பெயர் வைத்தவன் உறவுமுறை விசாரிக்காமல் இருக்குமிடம் விசாரித்தான், அவ்வளவே. சற்றே பெருமைப்பட்டுக்கொள்ள அதுவே போதும்.

அவன் விசாரித்தது சரிதானா என்பதை மலையிலேயே சோதிக்கலாம். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைச்சரிவு வரையாடு பார்ப்பதற்குப் பேர்போனது. இன்னும் நிதானமாகப் பார்க்க விரும்புவோர் மூணாற்றுக்கு மேலே இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராசமலைக்குப் போவார்கள். ஈனும் பருவத்தில் மட்டும் பூங்காவை மூடிவிடுவார்கள். கிட்ட நின்று பார்த்தால் முதலில் தெரிவது கபிலர் சொன்ன அந்தக் குறுங்காலும் கட்டுமஸ்தான உடலும். மூத்த கிடாயின் கருமை கலந்த உடம்பில் முதுகு மட்டும் வெள்ளி பூசியது போல் வெளுத்திருக்கும். கொம்புகள் அடியில் ஒன்றையொன்று நெருங்கிக் கிளம்பி, ஒரே வளைவாகப் பின்னோக்கிச் சாயும்; வரி வரியாக வளையங்கள். குளம்பின் ஓரம் கெட்டி, நடு மெத்து. பாறை விளிம்பைக் கெட்டி கவ்வும், வழுக்கும் முகத்தை மெத்து பற்றும். குட்டியோடு வரும் பெட்டை பாறைத் திட்டில் முன்காலை வைத்து, பாரத்தை மெல்ல மாற்றிப் பார்த்து, பிறகே மறுகாலை எடுக்கும். குட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது, தாய் நின்ற இடத்துக்கு ஒரே தாவல்.

சற்று நேரம் அசையாமல் பார்த்திருந்தால் இன்னொன்றும் விளங்கும். மந்தை மேய்வது மேலே விரிந்த புல்வெளியில். பாறையில் அதற்குத் தீனி அதிகம் இல்லை. ஆனாலும் குட்டியுள்ள பெட்டைகள் செங்குத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. ஒன்று தலைநிமிர்த்தி எச்சரித்தால் மந்தை முழுவதும் ஓடிச் சேர்வது அந்தப் பாறை விளிம்புக்கே. அங்கே இறங்கி நின்றுவிட்டால் செந்நாயும் சிறுத்தையும் தொடர முடியாது. இப்போது வரையின் எல்லைப்பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். வேட்டையின் ஓட்டம் இதுவரை என்று நிற்கும் இடம் அது. ஆட்டின் மேய்ச்சலும் அதைவிட்டு இவ்வளவு தூரம் வரை என்று அளவுபடும் இடமும் அதுவே. மலையாடு என்று சொன்னால் இந்த இயல்பு முழுவதும் கைநழுவிவிடும். பக்கமலை, எல்லை என்ற இரு பொருளையும் ஒருங்கே ஏந்திய வரை என்ற சொல்லுக்குத்தான் அது பிடிபடுகிறது. இருபொருளையும் எண்ணியே ஒருவன் முதலில் பெயரிட்டான் என்று நான் வாதாடவில்லை. பெயர் அதற்கு இடம் தருகிறது என்கிறேன்.

இந்தப் பெயருக்கு அண்மையில் நல்ல காலம் பிறந்திருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்ற பட்டம் முன்பே உண்டு. பாடப்புத்தகத்துக்கும் பொதுஅறிவுத் தேர்வுக்கும் வெளியே பெயர் அவ்வளவாகப் புழங்கவில்லை. 2022 இறுதியில் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்து, 2023 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. 1975இல் இந்த விலங்கை முதன்முதலாக முறையாக ஆராய்ந்த ஈ. ஆர். சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாயிற்று. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031. 2025இல் கேரளத்தோடு சேர்ந்தெடுத்த கணக்கில் தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும் 1,303. செய்தித்தாள்களில் தார் தேய்ந்து வரையாடு வளர்ந்தது. ஒரு சிறு குறை மட்டும்: நீலகிரி வரையாடு என்று எழுதுகிறார்கள். இது ஆங்கிலப் பெயர் வழியாகத் திரும்பி வந்த நீலகிரி. இமயத்துத் தாரிலிருந்து பிரித்துக்காட்ட அவர்களுக்கு அந்த அடை வேண்டியிருந்தது, நமக்கு எதற்கு? உலகில் வரையாடு ஒன்றே. அதன் பெருங்கூட்டங்கள் இருப்பதும் நீலகிரியைவிட ஆனைமலை, இரவிகுளம் பக்கங்களில். அடை இல்லாமலே நிறைந்த பெயருக்கு, அளவிலும் இடத்திலும் பொருந்தாத அடை.

நார்கொண்டத்துக்கு வருவோம். அந்தத் தீவின் பெயரிலேயே ஓர் இடப்பிசகு உண்டு. ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் திரட்டிய யூல், பர்னெல் இருவருடைய பெயரில் 1886இல் வெளிவந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதி, அது நரககுண்டம் என்பதன் சிதைவாகலாம் என்கிறது. நிலவியல் ஆய்வுக்குப் போன மாலெட் என்பவர் அதுபற்றி ஒரு மடல் எழுதினார். நார்கொண்டத்தில் எரிவாயே இல்லை, பல்லாயிரம் ஆண்டுக்கு முன்பே தணிந்த மலை. வட்டமாக மதில் சூழ்ந்து நடுவே எரிந்த பாரன் தீவுக்கே நரககுண்டம் பொருந்தும். இரண்டு தீவின் பெயரும் குழம்பிப்போயிருக்கலாம் என்பது அவர் கருத்து. தணிந்த தீவு எரிகிற தீவின் பெயரைச் சுமக்கிறது போலும். அந்தத் தீவின் ஆடுகளுக்கும் பிறிதொரு விலங்கின் பெயரைத் தூக்கிக் கொடுப்பது ஒரே ஊரில் இரண்டாவது பிசகாகிவிடும்.

அவை சரிவேறின, உண்மை. ஆனால் துரத்துவதற்கு எதுவும் இல்லாத தீவில் செங்குத்துக்கு அவை ஒதுங்கத் தேவை இல்லை. எல்லாச் சரிவும் மேய்ச்சல் நிலம். முளைத்த கன்றெல்லாம் தீனி. மூத்த மரம் விழுந்தால் அந்த இடத்தில் அடுத்த மரம் எழாத நிலை வந்தது. பழமரங்களையும் பொந்துள்ள பெருமரங்களையும் நம்பிய இருவாய்ச்சிக்கு அது நேரடி ஆபத்து என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள், ஆடுகள் அகற்றப்பட்டன. வெள்ளாட்டின் மேல் பழியில்லை. அது தன் பசியைப் பார்த்தது. வரையறியா ஆடு என்று வேண்டுமானால் சொல்லலாம். வரையாடு என்ற பெயர் மலையும் புல்லும் வேட்டையும் சேர்ந்து பல்லாயிரம் ஆண்டு பேசி முடித்த ஓர் உடன்பாட்டின் பெயர். படகில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்க முடியாதது. முதலில் நாக்கு தயங்கியது இதனால்தான்.

அந்தப் பெயரால் இன்னொரு வேலையும் ஆகவேண்டியிருக்கிறது. பொன்முடியை அடுத்த மலைகளில் வரையாட்டுமுடி என்று ஒரு சிகரம் உண்டு. தென்மலைகளில் வரையாட்டுமொட்டை என்றும் பெயர் வழங்குகிறது. பெயரிட்டவர்கள் அங்கே விலங்கைக் கண்டே பெயரிட்டிருப்பார்கள். குமரி முதல் நீலமலை வரை வனத்துறைப் படங்களிலும் பழைய பட்டயங்களிலும் மலைக்குடியினர் பேச்சிலும் சிதறிக் கிடக்கும் இத்தகைய இடப்பெயர்களைச் சொல்லன்பர்கள் தொகுத்துக் கொடுத்தால், இன்று மந்தை இல்லாத எந்தெந்தக் குன்றுகளில் ஒருகாலத்தில் அது நின்றது என்பதற்கு ஒரு தடயப்பட்டியல் கிடைக்கும். கணக்கெடுப்போர் தொலைநோக்கியோடு புறப்படட்டும். நாம் அவர்களுக்கு முன்னால் ஊர்ப்பெயர் கேட்டுக்கொண்டு போகலாம்.